சுண்டெலி தாண்டாத வேலி

குழந்தைகளை மூன்றாவது தடவை எண்ணியபோதும் பத்துதான் வந்தது. பதினொன்று இருக்க வேண்டும். பெரியம்மா கூடத்தையும் குளியலறையையும் கட்டிலுக்கு அடியிலும் பார்த்துவிட்டு முற்றத்துக்கு ஓடி வந்தாள். எதிர்ச் சாரியிலிருந்து சலூன்காரர் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். அவர் தோளில் சுண்டெலி உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றி முடி வெட்டும் வெள்ளைத் துணி.

"சுழல் நாற்காலியில ஏறி உக்காந்துகிட்டு சுத்தி விடச் சொல்லுது. துணியக் கட்டினாத்தான் இறங்குவேன்னு ஒரே அடம்," என்றார் அவர்.

பெரியம்மா குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அந்தத் தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போயிருந்தது.

பெரியம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. வீட்டின் முன்பகுதியில் பன்னிரண்டு வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். பெரியம்மா என்று முதலில் கூப்பிட்டவர்கள் குழந்தைகள். பிறகு அவர்களுடைய அம்மாக்கள், பால்காரர், தபால்காரர் என்று பரவி, அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்குத் துணையாகக் கணவனின் தங்கை இருந்தாள். சோறு ஊட்டுவது, மூக்குத் துடைப்பது, வாயாடுவது எல்லாம் அவள் பொறுப்பு. சுண்டெலி என்று பெயர் வைத்ததும் அந்த நாத்தனார்தான். மூன்றரை வயதுப் பெண் குழந்தை. அம்மா பஸ் கண்டக்டர். சேர்ந்த இரண்டாம் நாளே அலமாரியின் கீழ்த்தட்டுக்குள் புகுந்து பின்பக்கப் பலகையைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குள் போய் எழுந்து நின்றாள். அழுகை, கோபம், பிடிவாதம் எதுவும் கிடையாது. ஒரு பொருளின் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முற்றத்தைச் சுற்றியிருந்தது பழைய கம்பி வலை வேலி. மரக் கம்பங்களைக் கரையான் தின்றிருந்தது. குழாயடி மூலையில் வலை சுருண்டு ஒரு பூனை போகிற அளவுக்கு வழி இருந்தது. அந்தப் பூனை வழியை எத்தனை நாளாகச் சுண்டெலி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டு வந்தாளோ தெரியாது.

நான்கு நாள் கழித்து உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்திலிருந்து அதிகாரியம்மா வந்தார். கறாரான ஆள். தண்ணீர்ப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார், பாய்களை முகர்ந்து பார்த்தார், குழந்தைகளின் நகங்களைப் பார்த்தார். குழாயடி ஓட்டையை நாத்தனார் ஒரு பூந்தொட்டியை வைத்து மறைத்திருந்ததால் அது அவர் கண்ணில் படவில்லை. கடைசியில் படிவத்தைப் பார்த்தபடியே, கடந்த ஒரு வருடத்தில் ஏதாவது அசம்பாவிதம் நடந்ததா என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாத்தனார் அவருக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

பெரியம்மா நடந்ததைச் சொன்னாள். பூந்தொட்டியை நகர்த்தியும் காட்டினாள்.

அதிகாரியம்மா பேனாவை மூடினார். முப்பது நாள் அவகாசம் தந்தார். வேலி நாலடிக்குக் குறையக் கூடாது, கம்பிகளுக்கு நடுவில் குழந்தையின் தலை நுழையக் கூடாது, குழந்தையால் ஏற முடியக் கூடாது. கேட்டைக் குழந்தை திறக்க முடியக் கூடாது, ஆனால் ஆபத்து வந்தால் பெரியவர்கள் சாவி தேடாமல் திறக்க வேண்டும். அதுவரை ஒரு குழந்தையும் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது. "முப்பதாவது நாள் காலையில வருவேன். சரியா இல்லேன்னா உரிமத்த நிறுத்தி வைக்கறதத் தவிர எனக்கு வேற வழி இல்லம்மா," என்றார்.

அன்று மாலை பணிமனையிலிருந்து கணவன் வந்ததும் நாத்தனார் வாசலிலேயே புகார் வைத்தாள். "உங்க பொண்டாட்டிக்கு வாய் எதுக்கு இருக்குன்னே தெரியலண்ணா. மூடறதுக்கும் சேர்த்துத்தான் குடுத்திருக்கு." அவன் பஸ் மெக்கானிக். அதிகம் பேசமாட்டான். கையைக் கழுவிக்கொண்டே, சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும், வேலி போடுகிற ஆளைப் பார்ப்போம் என்றான்.

ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில் வந்த கான்ட்ராக்டர் வண்டியை விட்டு இறங்கும்போதே ஆறடிக்குச் சுவர் எழுப்பிவிடலாம் என்றார். குழந்தைகளுக்குத் தெரு தெரியவேண்டும் என்றாள் பெரியம்மா. தபால்காரர் போவதையும் நாய் படுத்திருப்பதையும் மழை பெய்வதையும் பார்க்காவிட்டால் பகல் பொழுது அவர்களுக்கு எப்படிப் போகும்? அவருக்கு அது புரியவில்லை. இரண்டாவது ஆள் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு போனவர்தான், போனை எடுக்கவேயில்லை. எட்டு நாள் இப்படியே ஓடிவிட்டது.

ஒன்பதாம் நாள், சலூன்காரர் சொல்லி, ரசமட்டம் வந்தார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்துக்கொள்கிற இடத்தில் அவர் சாண் நீள ரசமட்டம் ஒன்றைச் சொருகியிருப்பார். கண்ணில் படுகிற எதன் மேலும் அதை வைத்துக் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுவார். டீக்கடை பெஞ்சில் வைத்து இடது பக்கம் சாய்கிறது என்பார். பஸ் நிறுத்தத்துக் கல்லில் வைத்து உதட்டைப் பிதுக்குவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. காப்பகத்துக்குள் வந்ததும் குழந்தைகள் சாப்பிடும் குட்டி மேசையின் மேல் அதை வைத்தார். பதினொரு தலைகள் சுற்றிலும் குனிந்தன. குமிழி நடுவில் நின்றது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு முற்றத்தைச் சுற்றி வந்தார்.

"ஒண்ணு கேக்கறேன் பெரியம்மா. வெளிய இருக்கறது உள்ள வராம இருக்க வேலியா, உள்ள இருக்கறது வெளிய போகாம இருக்க வேலியா?"

"உள்ள இருக்கறது போகாம இருக்கண்ணே."

"இருபத்தெட்டு வருஷத்துல அப்படி ஒண்ணு போட்டதில்ல. ஆனா ஆடு, மாடு, திருட்டுப் பய, எதுவும் நான் போட்ட வேலியத் தாண்டினதில்ல. இந்தப் பொடிசுங்க எம்மாத்திரம்?"

"ஆடு யோசிக்காதுண்ணே. இது யோசிக்கும்," என்று பெரியம்மா சுண்டெலியைக் காட்டினாள்.

ரசமட்டம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மறுநாளே வேலை தொடங்கியது. அவரும் ஒரு வெல்டரும் பழைய வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். பதினெட்டுக் கம்பங்களுக்கு இரண்டடி ஆழத்தில் குழி வெட்டி, ஜல்லி போட்டு, கான்கிரீட் ஊற்றினார்கள். வெளியே வரத் தடை என்பதால் குழந்தைகள் நாள் முழுவதும் ஜன்னல் கட்டையில் மோவாயை வைத்து வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். சுண்டெலி மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தாள். இது எதுக்கு, அது எதுக்கு, இதை இழுத்தா என்ன ஆகும். ரசமட்டத்துக்குத் தொழிலைப் பற்றிக் கேட்பவர்களைப் பிடிக்கும். கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். திருடனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பூட்டுச் செய்கிற மனுஷனை இப்போதுதான் பார்ப்பதாக நாத்தனார் சொன்னாள்.

நெடுக்குக் கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்க மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று குறுக்குச் சட்டங்கள் வைத்திருந்தார். நடுச் சட்டத்தைப் பார்த்ததும் பெரியம்மாவுக்கு உறுத்தியது. சொல்லியும் பார்த்தாள். முக்கால் அங்குலச் சட்டத்தில் யார் காலை வைத்து நிற்க முடியும் என்று அவர் கேட்டுவிட்டுப் பச்சைப் பெயின்ட் டப்பாவைத் திறந்தார்.

பதினேழாம் நாள் வேலி நின்றது. நூல் பிடித்த மாதிரி நேராக, பளபளவென்று. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பெயின்ட் காய்ந்த அன்று, அதிகாரி வருவதற்கு முன்னால் நாமே சோதித்துவிடலாம் என்றாள் பெரியம்மா. சுண்டெலியின் அம்மா வேலை முடிந்து டிக்கெட் பையோடு குழந்தையைக் கூட்டிப் போக வந்தபோது, அவளிடம் அனுமதி கேட்டாள். "எனக்கும் பாக்கணும் பெரியம்மா," என்று அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள். வேலிக்கு வெளியே நாத்தனார் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றாள். ரசமட்டம் கையைக் கட்டிக்கொண்டு, ஏற்கனவே ஜெயித்துவிட்ட முகத்தோடு கேட்டருகில் நின்றார்.

சுண்டெலி அவசரப்படவில்லை. ஒரு கையால் கம்பிகளைத் தடவிக்கொண்டே வேலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு இரண்டு பக்கங்கள் சேரும் மூலைக்குப் போய் முதுகை ஒரு பக்கத்தில் சாய்த்து, நடுச் சட்டத்தில் கால் கட்டை விரலைப் பதித்தாள். மறு பக்கத்தில் இன்னொரு கால். மேல் சட்டத்தைப் பிடித்ததும் வயிற்றை மடித்து அந்தப் பக்கம் போட்டாள். நாத்தனார் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

நான்கு நிமிடம் ஆகியிருந்தது. கண்டக்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அது வெட்கமா பெருமையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ரசமட்டம் பையிலிருந்து கருவியை எடுத்து மேல் சட்டத்தின் மேல் வைத்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. "மட்டமெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, எப்படி ஏறினாய் என்று மரியாதையாகக் கேட்டார். அவள் காட்டினாள். அவர் டேப்பை எடுத்துப் பாதத்திலிருந்து முழங்கால், தூக்கிய கையின் நுனி, தலையின் அகலம், தோளிலிருந்து விரல் நுனி என்று எல்லாவற்றையும் அளந்து, காதில் சொருகியிருந்த பென்சிலால் உள்ளங்கையில் எழுதினார். புதுச் சட்டை தைக்கிறார்கள் என்று நினைத்து சுண்டெலி நிமிர்ந்து நின்றாள்.

மறுநாள் காலை ஆறரைக்கே வந்துவிட்டார். நடுச் சட்டங்களை அறுத்து எடுத்தார். அவை இல்லாமல் கம்பிகள் அழுத்தினால் வளைந்தன. ஆகவே எல்லாவற்றையும் தடித்த கம்பிகளாக மாற்றினார். கம்பிக்கான செலவை வாங்கிக்கொண்டார், கூலி என்று பேச்செடுத்தபோது பெரியம்மாவை முறைத்தார். இது இனி அவருக்கும் சுண்டெலிக்கும் இடையிலான விவகாரமாகிவிட்டது.

இரண்டாவது சோதனையில் சுண்டெலி மேலே பார்க்கவேயில்லை. நேராகக் குழாயடிக்குப் போனாள். மேல் சட்டம் மட்டம் பிசகாமல் ஓடியது உண்மைதான், ஆனால் அந்த மூலையில் தரை தாழ்ந்திருந்தது. கீழே ஒரு சாண் இடைவெளி. ஈர மண்ணைக் கையாலேயே கொஞ்சம் தோண்டி, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, வெளியே வந்து, சேறு பூசிய முகத்தோடு நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தாள். தரை உங்க பேச்சைக் கேக்காதே, என்ன பண்ணுவீங்க என்று நாத்தனார் ரசமட்டத்திடம் கேட்டாள். அவர் மூன்று நாள் செலவழித்து வேலியின் அடி முழுக்கக் கான்கிரீட் கட்டு ஒன்று ஓட்டினார். மேலேயும் வழி இல்லை, கீழேயும் வழி இல்லை. மிஞ்சியது கேட்.

அங்கேதான் எல்லாரும் களைத்துப்போனார்கள். வெளிப்பக்கம் உயரத்தில் தாழ்ப்பாள் வைத்தார். சுண்டெலி மண் அள்ளும் பிளாஸ்டிக் கரண்டியைக் கம்பி வழியாக நீட்டித் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டாள். கொண்டி வைத்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி எடுத்துவிட்டாள். இரண்டையும் சேர்த்து வைத்தார். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தாள். இருபத்தேழாம் நாள் மாலை ரசமட்டம் கான்கிரீட் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச தாழ்ப்பாளெல்லாம் போட்டாச்சு பெரியம்மா. இனி எனக்குத் தெரியாததைத்தான் போடணும்."

அன்று இரவு பெரியம்மாவின் கண் முன்னால் பதினொரு அம்மாக்களின் முகங்களும் வந்து போயின. உரிமம் நின்றால் கண்டக்டர் யாரிடம் குழந்தையை விட்டுவிட்டு பஸ் ஏறுவாள்? ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள், இவர்களெல்லாம் எங்கே போவார்கள்?

வழி மறுநாள் மத்தியானம் கிடைத்தது, அதுவும் அன்றாட வேலையின் நடுவில். தூங்கி எழுந்த குழந்தைகளுக்கு முகம் கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். சுண்டெலி தானே போட்டுக்கொள்வேன் என்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய் சுவரோரம் உட்கார்ந்தாள். பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்துத் தாழ்ப்பாளையெல்லாம் திறக்கிற அந்தக் கை ஒரு பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பட்டனைத் தள்ளினால் துணி நழுவியது. துணியைப் பிடித்தால் பட்டன் நழுவியது. கடைசியில் பெருமூச்சு விட்டு, திறந்த சட்டையோடு எழுந்து வந்தாள்.

பெரியம்மா அப்படியே செருப்பைக்கூட மாட்டாமல் முற்றத்துக்குப் போனாள். ரசமட்டம் பழைய கொண்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த வயசுப் பிள்ளைங்களால பட்டன் போட முடியாது, கவனிச்சிருக்கீங்களா? ஒரு கை ஒண்ணப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், இன்னொரு கை அதே நேரத்துல வேற வேலை செய்யணும். அது இன்னும் வரல இதுங்களுக்கு. ஒண்ணு முடிச்சிட்டு இன்னொண்ணுன்னா எத்தனை வச்சாலும் செஞ்சிடும். ரெண்டையும் ஒண்ணா செய்யற மாதிரி வையுங்க."

அவர் கையிலிருந்த திருப்புளி அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கி, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். கதவின் மேல் விளிம்பில், சரியாக நடுவில், ஒரு இரும்புக் குமிழ். அதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் ஸ்பிரிங் கீழே இழுத்துவிடும். பக்கத்துக் கம்பத்தின் வெளிப்புறம் ஒரு நெம்புகோல். அதை இன்னொரு கையால் அழுத்த வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் தாழ் விலகும். சுண்டெலி வாளி போட்டு ஏறி வேறு ஒரு குழந்தையைத் துணைக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று அவரே கேட்டார். பெரியம்மா தரையிலிருந்த படத்தை நோக்கிக் குனிந்தாள். கதவு தெருப்பக்கம் திறக்கிற மாதிரி வரைந்திருந்தது.

"இத உள்பக்கம் திறக்கிற மாதிரி மாத்துங்க. குமிழத் தொடணும்னா கதவுக்கு முன்னாலதான் வாளியப் போடணும். வாளி கிடந்தா கதவு எப்படித் திறக்கும்?"

ரசமட்டம் சாக்பீஸைக் கீழே வைத்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, வெல்டருக்குப் போன் போட்டார்.

இருபத்தொன்பதாம் நாள் இருட்டுகிற நேரத்தில் கேட் மாட்டி முடிந்தது. ஆனால் சோதிக்க முடியவில்லை. சுண்டெலிக்குக் காய்ச்சல், அவள் அன்று வரவேயில்லை. மற்ற குழந்தைகளை வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை என்று ரசமட்டமே சொல்லிவிட்டார்.

முப்பதாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டு, தலை படிய வாரி, புது உற்சாகத்தோடு சுண்டெலி வந்து சேர்ந்தாள். அரை மணி நேரத்தில் அதிகாரியம்மாவும் வந்தார். இரும்பு டேப்பால் உயரத்தை ஆறு இடங்களில் அளந்தார். கம்பிகளுக்கு நடுவில் முஷ்டியை வைத்துப் பார்த்தார். குழாயடியில் முட்டி போட்டு அடிக்கட்டைத் தட்டினார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து, அன்றைக்கு வெளியே போன குழந்தை எது என்று கேட்டார். பெரியம்மா காட்டினாள்.

"எல்லாரையும் முற்றத்துல விடுங்க. யாரும் எதுவும் சொல்லாதீங்க."

ஒரு மாதம் கூடத்துக்குள் அடைந்து கிடந்த குழந்தைகள் மடை திறந்த மாதிரி ஓடின. சுண்டெலி மட்டும் நடந்தாள். மூலைக்குப் போய்க் காலைத் தூக்கிப் பார்த்தாள், பதிக்க இடமில்லை. குழாயடிக்குப் போய்க் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டுக்கு வந்து நின்றாள். ரசமட்டம் படியில் உட்கார்ந்திருந்தார்.

அவள் பிளாஸ்டிக் கரண்டியைக் கொண்டு வந்தாள். நெம்புகோலை அழுத்தினாள், அது தணிந்தது, கதவு அசையவில்லை. அண்ணாந்து பார்த்தாள். குமிழ் கண்ணில் பட்டது. போய் வாளியை இழுத்து வந்து கதவின் நடுவில் கவிழ்த்து, ஏறி, குமிழை இழுத்தாள். நெம்புகோல் எட்டவில்லை. குமிழை விட்டுவிட்டு அதை எட்ட முயன்றாள், குமிழ் டக்கென்று இறங்கிவிட்டது. இறங்கினாள். ஏறினாள். அப்புறம் சற்று நேரம் ஒன்றுமே செய்யாமல் நின்றாள்.

"யோசிக்குது," என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

சுண்டெலி மண் குவியலுக்குப் போய், அங்கே நிம்மதியாக விளையாடிக்கொண்டிருந்த குண்டுப் பையனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கரண்டியை அவனிடம் கொடுத்து நெம்புகோலைக் காட்டினாள். தான் வாளியின் மேல் ஏறி இரண்டு கையாலும் குமிழை இழுத்துப் பிடித்தாள். "இப்ப அமுக்கு," என்றாள்.

அவன் அமுக்கினான். தாழ் விலகுகிற சத்தம் படிவரைக்கும் கேட்டது. ரசமட்டம் கண்ணை மூடிக்கொண்டார். கதவு ஒரு விரற்கடை உள்ளே வந்து, வாளியில் இடித்து, நின்றது.

சுண்டெலி குமிழைப் பிடித்தபடியே இழுத்தாள். வாளி வழிவிடவில்லை, ஏனென்றால் அவளே அதன்மேல் நின்றுகொண்டிருந்தாள். இறங்கி வாளியைத் தள்ளினாள், கதவு தானாகச் சாத்திக்கொண்டு தாழ் விழுந்தது. மறுபடி வாளியைப் போட்டாள், மறுபடி பையன் அமுக்கினான், மறுபடி இடித்தது. மூன்றாம் தடவை பையனுக்கு அலுத்துப்போய்க் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் கதவையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெரியம்மாவிடம் வந்து புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அது மாட்டேங்குது," என்றாள். சொல்லிவிட்டு மண்ணில் விளையாடப் போய்விட்டாள்.

நாத்தனார் கூடத்துக்குள் போய்க் கதவின் பின்னால் நின்று சத்தம் வராமல் குதித்துவிட்டு வந்தாள். ரசமட்டம் கண்ணைத் திறந்து, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். பெரியம்மா அசையாமல் நின்றாள். சிரித்தால் அழுகை வந்துவிடும் போல இருந்ததால் அவள் சிரிக்கவில்லை.

அதிகாரியம்மா கூடத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு குழந்தைகள் என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு இருபது என்று எழுதினார். இந்த முற்றத்துக்கு இருபது தாங்கும், இடம் கேட்டு அலுவலகத்தில் ஒரு பட்டியலே காத்திருக்கிறது என்றார். பிறகு ரசமட்டத்திடம், அந்தத் தாழ்ப்பாள் யாருடைய யோசனை என்று விசாரித்தார்.

"அவங்களுதுங்க. நான் இரும்ப வளைச்சதோட சரி," என்றார் ரசமட்டம். இருபத்தெட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை வெல்டர் கேட்டதில்லையாம்.

அதிகாரியம்மா பெரியம்மாவை நேராகப் பார்த்தார். "அன்னைக்கு நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஞாபகம் இருக்கு எனக்கு," என்றார். அதற்கு மேல் பாராட்டவில்லை. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனார். ஒரு கையால் குமிழை இழுத்தார். இன்னொரு கையை நீட்டினால் ஃபைல் நழுவியது. ஃபைலைப் பிடித்தால் கை எட்டவில்லை. யாரும் உதவிக்குப் போகவில்லை, போகத் தோன்றவுமில்லை. கடைசியில் ஃபைலைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் திறந்து, ஒரு அடி பின்வாங்கி, வெளியே போனார். கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. ஃபைல் உள்ளேயே கிடந்தது. நாத்தனார் அதை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நுழைத்து நீட்டினாள். அதிகாரியம்மா வாங்கிக்கொண்டு, கேட்டைப் பார்த்து, முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டுக்கு வெளியே சிக்கிக்கொண்டார்கள். நாத்தனார் உள்ளே நின்று, குமிழைப் பிடிங்க, விடாதீங்க, இப்ப அதை அமுக்குங்க என்று பஸ் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுபோலக் கற்றுக்கொடுத்தாள். கண்டக்டர் மட்டும் முதல் தடவையிலேயே திறந்து உள்ளே வந்தாள். பெரியம்மா அவளிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள், குண்டுப் பையனைக் கூப்பிட்டு வந்தது வரைக்கும். கண்டக்டர் கேட்டுக்கொண்டே மகளைத் தூக்கி, சேறு ஒட்டியிருந்த முழங்காலைத் துடைத்தாள்.

ரசமட்டம் போகவில்லை. கருவிகளைப் பையில் போட்டுக் கட்டி வைத்துவிட்டுப் படியருகில் நின்றுகொண்டிருந்தார். காலையில் அவர் டீ குடிக்கப் போனபோது அதிகாரியம்மா தெருமுனையில் அவரை நிறுத்தி, இன்னும் மூன்று காப்பகங்களுக்கு வேலி வேண்டும் என்று விலாசம் கொடுத்துப் போயிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நேரம் இருக்குமா உங்களுக்கு?" என்று ரசமட்டம் பெரியம்மாவிடம் கேட்டார். "முதல் இடத்தைப் பாக்கப் போறேன். நீங்க வந்து ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு, எங்க என்ன வேணும்னு சொல்லிடுங்க. அதுக்கப்புறம்தான் நான் குழி வெட்டுவேன்."

பெரியம்மா கணவனைப் பார்த்தாள். அவன் அப்போதுதான் பணிமனையிலிருந்து வந்து, உள்ளே வர முடியாமல், ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவோடு கேட்டுடன் போராடிக்கொண்டிருந்தான்.

"வரேன்," என்றாள் அவள். "ஒன்பது மணிக்கு வாங்க." சொல்லிவிட்டுக் கணவனுக்குக் கதவைத் திறந்துவிடப் போனாள்.